ஐடி ஆள் பற்றாக்குறையா, ஐடி வேலை பற்றாக்குறையா?

கேள்வி: சிங்கப்பூர், உட்லண்ட்ஸ் வாசகி, 2 மார்ச் 2025

தொழில்நுட்பத் துறையில ஆள் பற்றாக்குறைன்னு வாரத்துக்கு ஒரு தடவையாவது செய்தியில வருது. என் வீட்டுக்காரருக்கு 47 வயசு. அச்சகத்துல இருபது வருஷம் இருந்தார், போன வருஷம் ஆட்குறைப்பு. அதுக்கப்புறம் டேட்டா அனலிட்டிக்ஸ், கிளவுட், சைபர் செக்யூரிட்டின்னு மூணு கோர்ஸ் முடிச்சாச்சு. அறுபது இடத்துக்கு மேல விண்ணப்பம் போட்டாச்சு. நேர்காணலுக்குக் கூப்பிட்டதே ரெண்டு இடம். பற்றாக்குறைங்கிறதே கட்டுக்கதைன்னு நான் சொல்றேன். துறையில இருக்கிறவங்க உண்மையைச் சொல்லுங்க.

பதில்: 2 மார்ச், இரவு 11.40

கட்டுக்கதை இல்லம்மா. எங்க டீம்ல ரெண்டு இடம் எட்டு மாசமா காலியா கிடக்கு. உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆட்களோட விண்ணப்பம் வாரத்துக்குப் பத்து வருது. ரெண்டும் உண்மை. ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி உண்மையா இருக்குன்னு கேட்டா, அதுக்கு நானும் ஒரு காரணம்.

எனக்கு 53. இங்கேயே பிறந்து, பாலிடெக்னிக் முடிச்சு, தேசிய சேவை முடிச்சு, 1995ல கணினி அறைக்குள்ள போனவன். இப்ப ஆள் எடுக்கிற மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன். போன டிசம்பர்ல ஒருத்தர் வந்தார். துவாஸ் பக்கம் கிடங்கு மேற்பார்வையாளர், 44 வயசு, மடிப்புக் கலையாத சட்டை, பிளாஸ்டிக் உறையில சான்றிதழ்கள். எல்லார்கிட்டயும் கேக்கிறதைத்தான் கேட்டேன்: "காலையில ஆறு மணிக்கு சிஸ்டம் விழுந்துடுச்சு. முதல்ல என்ன பண்ணுவீங்க?"

வகுப்புல சொல்லிக் கொடுத்ததை வரிசையா ஒப்பிச்சார். தப்பே இல்லை, ஸ்லைடுல இருக்கிற மாதிரியே. ஆனா நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு வரி: "நேத்து ராத்திரி யாரு என்ன மாத்தினாங்கன்னு கேப்பேன்." இந்தத் தொழில்ல முதல் கேள்வி அதுதான். சிஸ்டம் சும்மா விழாது, யாரோ எதையோ தொட்டிருப்பாங்க. அது எந்த ஸ்லைடுலயும் இருக்காது, ரெண்டு வருஷம் அடிபட்டாத்தான் வரும். படிவத்துல "அனுபவம் போதாது"ன்னு குறிச்சு அனுப்பிட்டேன். பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது.

3 மார்ச், காலை

நேத்து ஒண்ணு விட்டுட்டேன். படிப்புச் செலவுக்கு அரசாங்கம் போட்டு வைக்கிற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்குல எவ்வளவு இருக்குன்னு பாருங்க. 2016ல கொடுத்த 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2020ல இன்னொரு 500, 40லிருந்து 60 வயசுக்காரங்களுக்கு அப்பவே கூடுதலா ஒரு 500, 2024 மே மாசம் 40 வயசு தாண்டினவங்களுக்கு 4,000. ஆக 5,500. தொடாம வச்சிருந்தா எந்த வகுப்புக்கு வேணும்னாலும் போடலாம்.

3 மார்ச், மதியம்

மேலே கடைசி வரி தப்பு. எங்க வீட்டம்மாவே காலையில படிச்சுட்டுச் சிரிச்சா. போன வருஷம் அந்த 4,000ல கேக் அலங்கார வகுப்புக்குப் போறேன்னு கிளம்பி ஏமாந்தவ அவ. வேலைவாய்ப்புக்கு உதவும்னு தேர்ந்தெடுத்த வகுப்புகளுக்குத்தான் அந்தத் தொகை. இன்னொண்ணு: 2020ல வந்த ரெண்டு 500ம் 2025 டிசம்பர் 31 வரைக்கும்தான். பழைய 500க்கும் 4,000க்கும் கெடு இல்லை.

ஆனா நாலாவது கோர்ஸுக்குப் போகச் சொல்லி நான் இதை எழுதலை. போக வேணாம்னுதான் சொல்ல வர்றேன்.

6 மார்ச்

"அனுபவம் இல்லாம அனுபவம் எப்படி வரும்?"னு கீழே ஒருத்தர் கேட்டிருக்கார். எனக்கு எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்றேன்.

1995. நிதி நிறுவனம் ஒண்ணோட கணினி அறை, ராத்திரி ஷிஃப்ட். ஜாக்கெட் போட்டாலும் குளிரும். சேர்ந்து மூணாவது வாரம், ரெண்டு மணி வாக்குல கோபோல்ங்கிற கணினி மொழியில எழுதின நிரல் ஒண்ணு, நாங்க ஜாப்னு சொல்றது, எஸ்-ஜீரோ-சி-செவன்ங்கிற பிழையைக் காட்டி நின்னுடுச்சு. மெயின்ஃபிரேம்ங்கிற பெரிய கணினியில வேலை பார்த்த ஆட்களுக்கு இந்தப் பேர் சொந்தக்காரன் பேர் மாதிரி. எண் இருக்க வேண்டிய இடத்துல எண் இல்லாதது இருக்குன்னு அர்த்தம். கிளைகள் திறக்கிறதுக்கு முன்னாடி ஜாப் முடியணும்.

என்கூட இருந்தது ஒரு சீன அக்கா. எல்லாரும் மேடம்னு கூப்பிடுவாங்க. நான் அக்கான்னு கூப்பிட்டுப் பழக்கிட்டேன், அதுக்கு அர்த்தம் கேட்டுத் தெரிஞ்சுகிட்டதிலிருந்து வேற யாரையும் அப்படிக் கூப்பிட விடமாட்டாங்க. அவங்களுக்குப் பார்த்த உடனே விஷயம் புரிஞ்சிருக்கும், ஆனா சொல்லலை. பச்சைக் கோடு போட்ட தாள்ல டம்ப்பை, அதாவது ஜாப் நின்னப்ப நினைவகத்துல இருந்ததை, அப்படியே அச்சடிச்சு என் முன்னாடி போட்டுட்டு, ஃப்ளாஸ்க்கைத் திறந்து கோப்பி ஊத்திக்கிட்டாங்க. நாற்பது நிமிஷம் தேடினேன். சிவப்புப் பென்சிலால ஒரு இடத்தை வட்டமிட்டுக் காட்டினேன்: 40 40 40. "அது என்ன?"ன்னாங்க. தெரியலைன்னேன். "ஸ்பேஸ். எண் தட்ட வேண்டிய கட்டத்துல யாரோ ஸ்பேஸ் பாரைத் தட்டியிருக்காங்க. எந்தக் கிளைன்னு பாரு. எட்டு மணிக்கு நீயே போன் பண்ணு. திட்டாதே."

அந்த நாற்பது நிமிஷத்துக்கு நிறுவனம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. அக்காவுக்கும் சேர்த்துக் கொடுத்தது. ரெண்டு நிமிஷத்துல முடிக்கக்கூடிய வேலை அது.

அந்த நாற்காலி இப்ப இல்லை. 2004 வாக்குல ராத்திரி ஷிஃப்ட் சென்னைக்குப் போச்சு, அங்கேருந்து மணிலாவுக்கு, இப்ப ஒரு ஸ்கிரிப்ட் பார்த்துக்குது. செலவு குறைஞ்சுது, மறுக்கலை. ஆனா அக்கா பக்கத்துல உக்கார இருந்த இடமும் அதோட போயிடுச்சு.

7 மார்ச்

எங்க வீட்டம்மாவுக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். நேத்து எழுதினதைப் படிச்சுட்டு அவ சொன்னது: "நாத்தங்கால் போட உங்ககிட்ட இடம் இல்ல, நடவுக்கு மட்டும் நாத்து வேணும். அப்ப அடுத்தவன் வயல்லேருந்துதானே பிடுங்கணும்?"

முப்பது வருஷத் தொழிலை ரெண்டு வரியில முடிச்சுட்டா. கொஞ்சம் எரிச்சல்தான்.

9 மார்ச்

நாத்து பிடுங்கறதுன்னு சொன்னதும் எதிர்பார்த்த மாதிரியே எம்ப்ளாய்மென்ட் பாஸ், அதாவது வெளிநாட்டு நிபுணர்களுக்குக் கொடுக்கிற வேலை அனுமதி, அதைப் பத்திச் சண்டை தொடங்கிடுச்சு. மூணு பேர் அதுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் நாடு கடத்திட்டாங்க. விதி என்னன்னு தெரிஞ்சுகிட்டுச் சண்டை போடுங்க.

2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ்னு ஒரு புள்ளி முறை இருக்கு. 40 புள்ளி வாங்கணும். சம்பளம், படிப்பு, நிறுவனத்துல அந்த நாட்டுக்காரங்க ஏற்கெனவே எத்தனை சதவீதம், உள்ளூர் ஆட்களை எவ்வளவு எடுத்திருக்காங்க, இதுக்கெல்லாம் புள்ளி. பற்றாக்குறைத் தொழில்கள் பட்டியல்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல உள்ள வேலைன்னா கூடுதலா 20. தொழில்நுட்ப வேலைகள் நிறைய அந்தப் பட்டியல்ல இருக்கு. குறைஞ்சபட்சச் சம்பளம் 2025 ஜனவரியிலிருந்து புது விண்ணப்பத்துக்கு 5,600 வெள்ளி, நிதித்துறைன்னா 6,200. வயசு ஏற ஏற அதுவும் ஏறும். 45 வயசுக்காரரை வெளியேருந்து கொண்டு வரணும்னா 10,700 கொடுக்கணும். அதனால "மலிவா ஆள் கொண்டு வர்றான்"கிறது உங்க வீட்டுக்காரர் வயசுல முழுசாப் பொருந்தாது.

என் சொந்த அனுபவம் இன்னும் குழப்பமானது. 1998ல ஒய்டூகே, அதாவது 2000ஆம் வருஷம் பிறந்தா கணினியில தேதி குழம்பும்கிற பிரச்சினை, அந்த வேலைக்குச் சென்னையிலிருந்து வந்த ஒருத்தர் எனக்குக் கத்துக் கொடுத்தது, எந்தப் பயிற்சி நிலையத்துலயும் கிடைக்காதது. தேக்காவுல ஒரு மெஸ்ல சாப்பிட்டுக்கிட்டே வாழை இலை ஓரத்துல விரலால பைல் அமைப்பு வரைஞ்சு காட்டுவார். குழம்பு வந்து அழிச்சுடும். மறுபடி வரைவார். அவர் என் வேலையைப் பறிக்க வந்தவர்னு யாராவது அப்ப சொல்லியிருந்தா நம்பியிருப்பேன், அதையும் ஒத்துக்கிறேன்.

9 மார்ச், கொஞ்ச நேரம் கழிச்சு

திருத்தம்: அந்த 20 எப்பவும் 20 இல்லை. நிறுவனத்துல மூணுல ஒரு பங்கோ அதுக்கு மேலயோ அதே நாட்டுக்காரங்கன்னா 10தான். சுட்டிக்காட்டினவருக்கு ஒரு கோப்பி-ஓ கோசோங் (பால், சர்க்கரை இல்லாத காப்பி) என் கணக்குல.

14 மார்ச்

"அரசாங்கம் என்ன பண்ணுது?"ன்னு ஒரு கேள்வி. நிறையப் பண்ணுது. எங்கே பண்ணுதுங்கிறதுலதான் எனக்கு மனத்தாங்கல்.

இந்தப் பற்றாக்குறைப் பாட்டு எனக்கு எட்டு வயசுல தொடங்கினது. தேசியக் கணினிமயத்துக்கு 1980ல ஒரு குழு போட்டாங்க, 1981ல தேசியக் கணினி வாரியம் வந்துச்சு. ஆள் இல்லைன்னு தெரிஞ்சதும் அவங்க ரெண்டு பக்கமும் வேலை செஞ்சாங்க. ஒரு பக்கம் பயிற்சி: பல்கலைக்கழகத்துல ஐபிஎம் துணையோட சிஸ்டம்ஸ் சயின்ஸ் நிலையம், ஜப்பான் துணையோட ஒரு மென்பொருள் நிலையம். இன்னொரு பக்கம் நாற்காலி: அரசு அலுவலகங்களைக் கணினிமயமாக்கற திட்டம் ஒண்ணைத் தொடங்கி, வாரியத்து ஆட்களை அமைச்சுகளுக்குள்ளேயே கொண்டு போய் உக்கார வச்சாங்க. படிச்சவனுக்குப் போய்த் தப்புப் பண்ண ஒரு இடம் இருந்துச்சு.

இப்ப வகுப்புப் பக்கம் பெருத்துப் போச்சு. 2015ல ஸ்கில்ஸ்ஃபியூச்சர், 2016ல தொழில்நுட்பர்களுக்குன்னு டெசாங்கிற பயிற்சித் திட்டம், 40 வயசுக்கு மேல கட்டணத்துல 90 சதவீதம் வரைக்கும் மானியம். பணம் இருக்கிற இடத்துக்கு ஆள் வரத்தான் செய்வான், எல்லாரும் கத்துக்கொடுக்க வரமாட்டான். நடக்காத வகுப்புக்கெல்லாம் கணக்குக் காட்டி ஒரு கும்பல் கிட்டத்தட்ட 4 கோடி வெள்ளி சுருட்டினது 2017ல வெளியே வந்துச்சே, மறந்துடுச்சா?

முதலாளி தன் பங்குக்கு என்ன கட்டறார்? திறன் மேம்பாட்டுத் தீர்வை, சம்பளத்துல 0.25 சதவீதம். ஒரு ஆளுக்கு மாசம் உச்சபட்சம் 11 வெள்ளி 25 காசு. தேக்கா சந்தையில ரெண்டு பேர் பிரியாணி சாப்பிட்டாலே தாண்டிடும்.

15 மார்ச்

ஒரு பிரியாணி என்ன விலைன்னு இருபது பதில் வந்திருக்கு. வேலை விஷயத்துக்கு நாலு. நல்லது.

22 மார்ச், இரவு 1.15

தூக்கம் வரலை. மேலே 2ஆம் தேதி எழுதினதை மாத்தணும்.

புதன்கிழமை எங்க சிஸ்டம் ஒண்ணு நின்னுபோச்சு. டீம்ல புதுசா வந்தவர் ஒருத்தர் இருக்கார், ஐந்து வருஷ அனுபவம், சம்பளத்துல பேரம் பேசி எடுத்த ஆள். திறமைசாலிதான். திரை மூணுலயும் கோடு ஏறி இறங்கறதைப் பார்த்துக்கிட்டே நாற்பது நிமிஷம் உக்காந்திருந்தார். சர்வர் நல்லா இருக்கு, நினைவகம் நல்லா இருக்கு, எல்லாம் பச்சை. கடைசியில நான் எழுந்து போய் நெட்வொர்க் பக்கத்துல கேட்டேன். முந்தின நாள் சாயந்திரம் ஃபயர்வால்ல, அதாவது நெட்வொர்க்ல எது உள்ளே வரலாம் போகலாம்னு தடுக்கிற காவல்ல, ஒரு விதியை மாத்தியிருக்காங்க. திருப்பிப் போட்டோம், அஞ்சு நிமிஷத்துல சரியாச்சு.

வீட்டுக்கு வர்ற ரயில்ல, யீஷூன் தாண்டறப்ப, அந்தக் கிடங்குக்காரர் ஞாபகம் வந்தார். நேர்காணல் முடிஞ்சு அவர் சான்றிதழையெல்லாம் உறைக்குள்ள தள்ளிக்கிட்டிருந்தப்ப ஏதோ சொன்னார். நான் அதுக்குள்ள அடுத்த ஆளோட தாளைப் புரட்ட ஆரம்பிச்சிருந்தேன். இப்ப வார்த்தைக்கு வார்த்தை காதுல விழுது: "எங்க கிடங்குல ஸ்கேனர் படுத்துட்டா நான் மெனுவலைப் பாக்க மாட்டேன் சார். முந்தின ஷிஃப்ட் ஆளுக்குத்தான் முதல் போன்."

அதேதான். நான் கேக்க நினைச்ச பதிலே அதுதான். சிரிச்சுக்கிட்டே "தேங்க் யூ, சொல்லி அனுப்பறோம்"னேன்.

அவர்கிட்ட அனுபவம் இல்லைன்னு எழுதினது நான். வகுப்பு அவருக்குப் புதுசா ஒரு பாஷை கொடுத்துச்சு, நேர்காணல்ல அதைத்தான் பேசணும்னு நினைச்சு தன் சொந்தப் பாஷையை வாசல்ல விட்டுட்டு வந்திருக்கார்.

23 மார்ச்

உட்லண்ட்ஸ் தங்கச்சி, வீட்டுக்காரரோட விண்ணப்பத்தைத் தனிமடல்ல அனுப்பச் சொன்னேனே, படிச்சேன். முதல் பக்கம் முழுக்க மூணு கோர்ஸோட பேரும் பாட விவரமும். மூணாம் பக்கம் கடைசியில "இதர" அப்படிங்கிற தலைப்புல ஒரு வரி: அச்சகத்துல காகித ரீல் எவ்வளவு வீணாகுதுன்னு பன்னிரண்டு வருஷமா எக்செல்ல மேக்ரோ எழுதிக் கணக்கு வச்சிருக்கார். அதை வச்சு ஆர்டர் போடறதையே மாத்தியிருக்காங்க.

இதையா இதரன்னு போடறது? தலையில வைங்க. என்ன பிரச்சினை, எந்தத் தாள், எத்தனை கிலோ மிச்சம், பழைய ஆள் யார் எதிர்த்தாங்க, எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்க. கோர்ஸ் பேர் ரெண்டு வரி போதும்.

17 ஏப்ரல்

வேலை போனவங்களுக்கு இந்த மாசம் ஒரு உதவித் திட்டம் தொடங்கியிருக்கு, ஆறு மாசத்துக்கு மொத்தம் 6,000 வெள்ளி வரைக்கும். முன்னாடி சம்பளம் 5,000க்குள்ள இருக்கணும், கடந்த 12 மாசத்துல 6 மாசமாவது வேலையில இருந்திருக்கணும். முழுநேரமா நீண்ட படிப்பு எடுத்தா வேற ஒரு படி இருக்கு: பழைய சம்பளத்துல பாதி, மாசம் 3,000 வரைக்கும், மொத்தம் 24 மாசம். நல்ல காசுதான். பாதிச் சம்பளத்துல வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கடன், பிள்ளைங்க டியூஷன் எல்லாம் ஓடுமான்னு கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி ஒரு தாள்ல எழுதிப் பாருங்க.

18 ஏப்ரல்

தொடர்பில்லாதது. அம்மாவுக்கு 79. சமூக மன்றத்துல ஒரு பையன் அவங்களுக்கு சிங்பாஸ், அதான் அரசுச் சேவைக்குப் போன்ல உள்ளே போற அடையாளச் செயலி, கத்துக்கொடுத்தான். நான் மூணு வருஷமா சொல்லி ஏறாதது அவன் சொல்லி ஒரு மணி நேரத்துல ஏறிடுச்சு. ரகசியம் என்னன்னு கேட்டேன். "அவன் என் போனைப் பிடுங்கலடா" அப்படின்னாங்க.

6 மே

தேர்தல் முடியற வரைக்கும் இந்தப் பக்கம் யாருமே எட்டிப் பாக்கலை, நானும்தான்.

நடந்தது: மேலதிகாரிகிட்ட பேசினேன். காலியா கிடக்கிற ரெண்டு இடத்துல ஒண்ணைப் பழக்கற இடமா மாத்தலாம்னு கேட்டேன். முதல்ல "நமக்கு இப்பவே வேலை செய்ற ஆள்தானே வேணும்"னார். "எட்டு மாசமா இப்பவேன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கோம்"னேன். வாழ்க்கைத்தொழில் மாறறவங்களுக்கான திட்டத்துல பழக்கற காலத்துச் சம்பளத்துல 70 சதவீதம் வரைக்கும், 40 வயசுக்கு மேலன்னா 90 வரைக்கும் நிறுவனத்துக்கு உதவி கிடைக்கும்னு காட்டினதும் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அது சம்மதம்னு எனக்குத் தெரியும்.

பணம் பெரிய விஷயம் இல்லைன்னு அப்புறம் புரிஞ்சுது. "யாரு பக்கத்துல உக்கார வைப்பே?"ங்கிறதுதான் அவரோட கவலை. நான்தான். என் வேலையில ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் இனிமே மெதுவா நடக்கும். அதை எழுதி வாங்கிக்கிட்டார்.

9 மே

கிடங்குக்காரருக்கு மனிதவளப் பிரிவு மூலமாப் போன் பண்ணினேன். பின்னாடி ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கற பீப் சத்தம். ஞாபகம் வச்சிருந்தார். "ஷிஃப்ட் ஆறு மணிக்கு முடியும் சார், அப்ப பேசலாமா?" ஆறு பத்துக்கு அவரே கூப்பிட்டார். சம்பளம் கேட்டார், சொன்னேன். இப்ப வாங்கறதைவிட 600 வெள்ளி குறைச்சல், ராத்திரிப்படி வேற போகும். அரசாங்கம் கொடுக்கிற 90 சதவீதம் எங்களுக்கு வருதே தவிர அவர் கைக்கு இல்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "டிசம்பர்லயே கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். இப்ப மூத்தவ பாலிடெக்னிக் சேர்ந்துட்டா. வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்."

இன்னும் சொல்லலை.

13 மே

விளம்பரம் இன்னைக்குப் போகுது. தங்கச்சி, வீட்டுக்காரரைப் போடச் சொல்லுங்க. நான் தேர்வுக் குழுவுல இருந்து விலகிக்கிறேன், இங்கே இவ்வளவு எழுதினதுக்கப்புறம் நான் உக்காரக் கூடாது.

ஒரு சங்கடம். விளம்பரப் படிவத்துல "குறைந்தபட்ச அனுபவம், ஆண்டுகளில்" அப்படின்னு ஒரு கட்டம், கட்டாயம் நிரப்பணும். 0 போட்டேன், கட்டம் சிவப்பாச்சு. ஒண்ணுக்குக் குறையக் கூடாதாம். காலியா விட்டேன், அதுக்கும் சிவப்பு. மனிதவளப் பிரிவுக்குப் போன் பண்ணினா, அந்த சிஸ்டத்தை மாத்த விற்பனையாளர்கிட்ட ஆள் இல்லையாம், பற்றாக்குறை.

கடைசியில ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். ஏத்துக்கிச்சு.

இன்னைக்கு ராத்திரி எங்கேயாவது ஒரு ஜாப் விழுந்து, நேத்து யாரு என்ன மாத்தினாங்கன்னு எவனாவது சரியாக் கேட்டான்னா, எட்டு மணிக்கு எனக்குப் போன் பண்ணட்டும். திட்டாம.